கொய்யாப்பழக் கலர்

நொய்யலுக்குத் தென்கரையில் ஒரு ஊர், அந்த ஊரில் ஒரு பனியன் கம்பெனி, அந்தக் கம்பெனியில் கைக்குழந்தைகளுக்குச் சட்டை தைக்கிற நாற்பத்தியொரு பெண்கள், அந்த நாற்பத்தியொரு பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போனான் ஒருவன். அந்த ஒருவன் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதை நடுவுக்கு வந்த பிறகு சொல்ல எனக்கு வாய் வராது.

அந்த வருஷம் தைப்பொங்கல் நோம்பி முடிந்த எட்டாம் நாள் வெளிநாட்டிலிருந்து, நம் துணியை வாங்குகிறவர்களிடமிருந்து, ஒரு கடிதம் வந்தது. வைகாசியில் கம்பெனியைச் சோதிக்க ஒரு அம்மா வருவார், இந்தத் தடவை மொழிபெயர்த்துச் சொல்ல யாரும் வேண்டாம், தையல்காரர்களோடு அவரே நேருக்கு நேர் பேசிக்கொள்வார் என்று அதில் இருந்தது. மேனேஜர் சென்னியப்பன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு, பி.ஏ. இங்கிலீஷ் படித்துவிட்டு வீட்டில் சும்மா கிடந்த என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"அந்தம்மா வந்து ஒரு கேள்வி கேட்டா நம்ம புள்ளைக பேந்தப் பேந்த முழிக்கக் கூடாது தம்பி. தெனமும் மத்தியானம் ஒரு மணி நேரம். சும்மா உக்காந்து படிக்க வேண்டாம், பிசிறு வெட்டிக்கிட்டே படிக்கட்டும்," என்றார்.

இப்படித்தான் அது நடந்தது: நாற்பத்தியொரு பெண்கள், நாற்பத்தியொரு மடி, ஒவ்வொரு மடியிலும் வெள்ளை வெளேரென்று ஒரு குழந்தைச் சட்டை, ஒவ்வொரு கையிலும் நூல் பிசிறு வெட்டுகிற சின்னக் கத்தரி. முதல் வரிசையில் இருந்த மயிலாத்தாளை, ஓவர்லாக் மிஷினில் இருபது வருஷம் ஓட்டியவரை, எழுந்து பெயர் சொல்லச் சொன்னேன். அவர் சிரித்தார், முந்தானையால் வாயைப் பொத்தினார், பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "மை நேம் இஸ் மயிலாத்தாளுங்," என்றார். சொல்லி முடிக்கும்போது அவர் கையிலிருந்த வெள்ளைச் சட்டை, விரல் பட்ட இடத்திலிருந்து தொடங்கி, மழைத்தண்ணி மண்ணில் பரவுகிற மாதிரி பரவி, சட்டைக்கை, கழுத்து, இடுப்பு என்று முழுக்கவும் சிவந்துவிட்டது. சிவப்பு என்று சொல்ல முடியாது. கொய்யாப்பழத்தைப் பிட்டால் உள்ளே இருக்குமே, அந்த நிறம்.

"ஆயில் கறையாட்ட இருக்குதுங்," என்றாள் ஒருத்தி.

"ஆயில் இப்படியா இருக்கும்? வெத்தலையப் போட்டுத் துப்பீருப்பா."

"நா எங்கடி வெத்தல போட்டேன்? சார் தம்பி, இது ரிஜெக்ட்டுல போயிருமுங்ளா?"

அவ்வளவுதான். யாரும் நெஞ்சில் கை வைக்கவில்லை, யாரும் சாமி கும்பிடவில்லை. அடுத்தவள் எழுந்தாள், பெயர் சொன்னாள், அவள் சட்டையும் சிவந்தது. அதற்கடுத்தவளுடையது கொஞ்சம் வெளிறிய கொய்யா, அதற்கடுத்தவளுடையது நன்றாகப் பழுத்தது. ஒவ்வொருத்தியின் கூச்சத்துக்கும் ஒவ்வொரு பக்குவம் இருந்தது. மூன்று நாளில், மேசையில் கலந்து கிடக்கிற சட்டைகளைப் பார்த்தே, இது மயிலாத்தாளுது, இது கட்டைக்குரல் சரசுது என்று பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள்.

என் சட்டையும் சிவந்தது. முதல் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் போனேன். "ரிப்பீட் ஆஃப்டர் மீ" என்று சொன்னபோது என் வலது மணிக்கட்டில் ஒரு காசளவுக்குச் சிவந்தது, நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். மூன்றாவது தடவை எழுதித்தான் பி.ஏ. தேறினேன் என்பதும், இங்கிலீஷில் யாராவது இரண்டு நிமிஷம் பேசினால் நான் தலையை மட்டும் ஆட்டுவேன் என்பதும் அந்தக் கம்பெனியில் யாருக்கும் தெரியாது. மறுநாள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அவர்களுடைய கூச்சம் எல்லோர் கண்ணிலும் பட்டது, என்னுடையதை நான் கறுப்புக்குள் மடித்து வைத்துக்கொண்டேன்.

ஊரும் பழகிக்கொண்டது. தன் வெட்கம் வெள்ளைத் துணியில் ஊறும் என்றால், வெள்ளைத் துணியை விட்டு விலகி நின்று பேச வேண்டும், அவ்வளவுதானே என்று ஊர் முடிவு செய்தது. வார்டு கவுன்சிலர் மேடையில் "லேடீஸ் அண்டு ஜென்டில்மேன்" என்று தொடங்கி இடுப்புக்குக் கீழே சிவந்து நின்ற நாளிலிருந்து, அந்த ஊர்க் கட்சிக்காரர்கள் கரைவேட்டியை விட்டுவிட்டுப் பேண்ட் போடத் தொடங்கினார்கள். சம்பந்தம் பேச வந்த இடத்தில் மாப்பிள்ளை இரண்டு வார்த்தை இங்கிலீஷ் பேசி வேட்டி வெள்ளையாகவே இருந்தால், ஒன்று அவன் நிஜமாகவே படித்தவன், இல்லை வெட்கம் கெட்டவன், இரண்டில் எது என்று பெண்வீட்டார் தனியே விசாரித்தார்கள். சலூன்காரர் வெள்ளைத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பூப்போட்ட துண்டு வாங்கினார். முதலாளியின் மகன் நாள் முழுக்க இங்கிலீஷ் பேசினாலும் அவர் சட்டை கஞ்சி போட்ட வெள்ளையாகவே இருந்தது. இங்கிலீஷே பேசாத கறிக்கடைக்காரரின் பனியனும் அப்படியே இருந்தது. நடுவில் நின்று கற்றுக்கொள்கிறவர்கள் மட்டும்தான் சிவந்தார்கள்.

இன்னொன்றையும் பெண்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். "டைம் ஆச்சுங், பஸ்ஸு போயிரும்" என்றால் துணி சிவப்பதில்லை. "வாட் இஸ் தி டைம்" என்றால் சிவந்தது. டைம் அதே டைம்தான்.

"அது எப்படிங் சார் தம்பி?" என்று கேட்டவர் துளசிமணி.

துளசிமணியக்காவைப் பற்றி இனிமேல்தான் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வயசு, ஒடிசலான உடம்பு, சட்டையின் அடிப்பக்கத்தில் பிரஸ் பட்டன் அடிக்கிற மிஷின் அவருடையது. காலால் மிதித்தால் மேலிருந்து இரும்பு இறங்கி டப்பென்று பட்டனை அமுக்கும். விரல் உள்ளே போகாமல் இருக்க முன்னால் ஒரு கம்பி, கார்டு என்பார்கள், பொருத்தியிருக்க வேண்டும். வகுப்பில் அவர்தான் கேள்வி கேட்பவர்.

"நேத்து, இன்னைக்கு, நாளைக்கு... எஸ்டர்டே, டுடே, டுமாரோ," என்று நான் சொல்லிக்கொடுத்த அன்று, "இத வெச்சுக்கிட்டு அந்தம்மாகிட்ட என்னத்தப் பேசறதுங்?" என்று கேட்டார்.

"எப்பவாச்சும் வேணுமுங்கக்கா."

"வெச்சுக்குவோம். சோறா கேக்குது?" என்று சொல்லி, மூன்று வார்த்தைகளையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டார். அப்போது அவருக்குப் பத்து விரலும் முழுசாக இருந்தன.

இதற்கிடையில் சிவந்த சட்டைகளில் ஒரு பெட்டி தப்பித்தவறிக் கப்பலேறிவிட்டது. வெளிநாட்டில் அதைப் பார்த்து, இப்படி ஒரு நிறத்தை நாங்கள் கண்டதேயில்லை, இதில் இன்னும் பத்தாயிரம் உருப்படி வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். சாயப்பட்டறை மாஸ்டர் பீட்ரூட் முதல் ரசாயனம் வரை கலக்கிப் பார்த்தார், வரவில்லை. "இது பட்டறைல வர்ற கலரில்லீங். இதுக்கு ஆளுதான் வேணும்," என்று கையை விரித்தார். சென்னியப்பன் வகுப்பை இரண்டு மணி நேரமாக்கினார்.

ஆனால் அதற்குள் பெண்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். "தேங்க் யூ", "எக்ஸ்க்யூஸ் மீ", "ஸாரி மேடம்", "ப்ளீஸ் கம்" எல்லாம் நாக்கில் உட்கார்ந்துவிட்டன. மயிலாத்தாள் கண்டக்டரிடம், "எக்ஸ்க்யூஸ் மீ, சில்லறை குடு," என்று சொல்லி இறங்கினார். கூச்சம் போயிற்று, கூச்சம் போனதும் நிறமும் போயிற்று. பத்து நாள் மடியில் சட்டைகள் வெள்ளையாகவே கிடந்தன. அந்தப் பத்து நாள்தான் அந்த வகுப்பில் நான் தலை நிமிர்ந்து நின்ற நாட்கள்.

பதினோராம் நாள் காலை, துளசியக்காவின் வலது ஆள்காட்டி விரலின் முதல் கணு அந்த மிஷினுக்குள் போய்விட்டது.

கார்டு கம்பி அங்கே இல்லை. கம்பி இருந்தால் கை ஓடாது, எண்ணிக்கை விழாது என்று மாசியிலேயே கழற்றி அலமாரியில் போட்டிருந்தார்கள், அது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்று வாரம் கழித்து விரலில் வெள்ளைக் கட்டோடு அவர் திரும்பி வந்தபோது, அவரைச் செக்கிங் மேசைக்கு மாற்றி, அந்த மிஷினில் அவருடைய தங்கை மகள் ஜமுனாவை உட்காரவைத்திருந்தார்கள். பத்தொன்பது வயசு. கம்பி அலமாரியிலேயேதான் இருந்தது. துளசியக்கா செக்கிங் மேசையில் இருந்தபடி நாள் முழுக்க அந்த டப், டப் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு டப்புக்கும் அவர் தோள் ஒரு தடவை குலுங்கும். சத்தம் நின்றால் எட்டிப் பார்ப்பார்.

அந்த வாரம்தான் சென்னியப்பன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, ஒரு காகிதத்தில் தமிழில் ஏழு வரி எழுதிக் கொடுத்தார். "இத இங்கிலீஷ்ல பண்ணி எல்லாத்துக்கும் மண்டைல ஏத்தீரு தம்பி. ஆடிட் முடிஞ்சா உன்னையப் பர்மனண்ட் பண்ணீரலாம்," என்றார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை நான் அப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் முதல்முதலாக அட்டை தொங்கிய கழுத்து என்னுடையது.

குட் மார்னிங் மேடம். மை நேம் இஸ் இன்னார். ஐ ஆம் ஹேப்பி ஹியர். வாட்டர் இஸ் குட். டோர் இஸ் ஓப்பன். திஸ் மிஷின் இஸ் சேஃப். ஏழாவது வரி, நோ ஆக்சிடெண்ட் ஹியர். துளசியக்காவுக்கு மட்டும் ஏழாவது வரி வேறு: ஐ ஹர்ட் மை ஃபிங்கர் அட் ஹோம்.

அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்து போனபிறகு அவர் மட்டும் நின்றார்.

"சார் தம்பி, இது வீட்டுல அடிபட்டுதுன்னு சொல்றதுதானுங்ளே?"

"ஆமாங்கக்கா."

"மிஷின்ல அடிபட்டுது, மிஷினுக்குக் கம்பி இல்லீங்கறத இங்கிலீஷ்ல எப்படிங் சொல்றது?"

நான் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தேன். அழித்த இடத்தையே திரும்பவும் அழித்தேன். அட்டை கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"அது கஷ்டமான வாக்கியமுங்கக்கா," என்றேன். "உங்களுக்கு நாக்குல நிக்காது."

இதைத் தமிழில்தான் சொன்னேன். தமிழில் சொன்னதால் எந்தத் துணியும் சிவக்கவில்லை. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "படிச்சவங்க சொன்னாச் செரிதானுங்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழு வரியையும் அவர்களால் வரிசையாக நினைவில் வைக்க முடியவில்லை. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன், அந்த வழியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடும். அந்தப் பெண்களுக்கு நோம்பிக்கு நோம்பி கும்மியடித்துப் பழக்கம். ஏழு வரியையும் கும்மி மெட்டில் போட்டேன். கையைத் தட்டி, காலை மாற்றி, குனிந்து நிமிர்ந்து, "குட்டு மார்னிங்கு மேடம் மேடம், மை நேம் இசு மயிலாத்தா" என்று ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். கும்மிப் பாட்டுக்கு ஒரு குணம் உண்டு, நடுவில் இருந்து எடுக்க வராது. நாலாவது வரி வேண்டுமென்றால் முதல் வரியிலிருந்து நடந்துதான் போக வேண்டும். "வாட்டர் எப்படி?" என்று நான் கேட்டால், அவர்கள் உதட்டுக்குள்ளேயே குட் மார்னிங்கில் தொடங்கி, பெயர் சொல்லி, சந்தோஷம் சொல்லி, அப்புறம்தான் தண்ணீருக்கு வந்து சேர்வார்கள்.

மூன்றாவது வரியில் துணி லேசாகச் சிவந்தது. நாலாவதில் இன்னும் கொஞ்சம். ஏழாவது வரியில், நாற்பத்தியொரு மடியிலும், பழுத்துக் கனிந்து அழுகத் தொடங்கும் கொய்யாவின் நிறம், அடர்த்தியாக, இருட்டாக, இரண்டு பக்கமும் ஊறி இறங்கியது.

"கலர் திரும்பீருச்சு!" என்று சென்னியப்பன் கையைத் தட்டினார். "முன்னைக்கு இப்ப டார்க்கு. பிரமாதம். தம்பி, ஏழாவது வரிய மட்டும் பத்துத் தடவ சொல்லச் சொல்லு."

பத்துத் தடவை சொன்னார்கள். நூறு தடவை சொன்னார்கள். உச்சரிப்பில் இப்போது ஒரு பிசகும் இல்லை, கூச்சப்பட ஒன்றும் இல்லை, ஆனாலும் ஏன் சிவக்கிறது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. முன்பு சிவந்தபோது ஒருத்தியை ஒருத்தி கேலி செய்து சிரித்தவர்கள், இப்போது சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். மயிலாத்தாள் குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பத்தாயிரம் உருப்படியும் கப்பலேறின. கடல் தாண்டி ஏதோ ஒரு ஊரில், பிறந்து மூன்று மாசமான ஒரு குழந்தை, துளசியக்காவின் ஏழாவது வரியைப் போட்டுக்கொண்டு தொட்டிலில் இப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும்.

வைகாசி வந்தது, அந்தம்மாவும் வந்தார். நிறம் ஊறுவதை அவர் கண்ணால் பார்க்கட்டும் என்பதற்காக அன்றைக்கு எல்லோருக்கும் வெள்ளை மேலங்கி, எனக்கும் வெள்ளைச் சட்டை. "கறுப்பெல்லாம் இன்னைக்கு வேண்டாம் தம்பி, எழவு வீடாட்ட," என்று சென்னியப்பன் தானே ஒரு சட்டை எடுத்துக் கொடுத்திருந்தார்.

அந்தம்மா தன் பெயர் ஹெல்கா என்றார். அறுபது வயசிருக்கும், முழங்கால் வலியோடு நடக்கிற நடை, கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தார். வாசலில் நின்று எங்களிடம் முதல் வார்த்தை பேசும்போதே அந்தக் கழுத்துத் துணியின் ஓரம் மெல்லிசாகச் சிவந்தது. அவருக்கும் இங்கிலீஷ் வீட்டு மொழி இல்லை, எங்கோ உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான். நாற்பத்தியொரு பெண்களும் அதைப் பார்த்தார்கள், பார்த்ததும் நாற்பத்தியொரு பேரும் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டார்கள்.

"அட, நம்மளாட்டத்தான்," என்று மயிலாத்தாள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

அந்தம்மா தண்ணீரைப் பற்றிக் கேட்டார், கதவைப் பற்றிக் கேட்டார். பெண்கள் உதட்டுக்குள் கும்மி நடந்து பதில் சொன்னார்கள். அவர்களுடைய மேலங்கிகள் சிவந்தன. அந்தம்மா நிறத்தைப் பார்த்து வியக்கவில்லை, குறிப்பு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். செக்கிங் மேசைக்கு வந்தவர், துளசியக்காவின் குட்டை விரலைப் பார்த்தார். குனிந்து, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, விரலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

துளசியக்கா கையில் ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது. அவர் வலது கால் பெருவிரல் தரையில் தாளம் போடத் தொடங்கியதைப் பார்த்தேன். உதடு அசைந்தது. குட் மார்னிங் மேடம். மை நேம் இஸ் துளசிமணி. மூன்றாவது வரியில் சட்டையின் ஓரம் சிவந்தது. நாலு. ஐந்து. ஆறாவது வரியில், திஸ் மிஷின் இஸ் சேஃப் என்கிற இடத்தில், சட்டை முக்கால்வாசி சிவந்துவிட்டது. அப்போது பின்னால் ஜமுனாவின் மிஷின் டப்பென்றது. துளசியக்காவின் தோள் குலுங்கியது. தாளம் போட்ட பெருவிரல் நின்றது.

பாட்டுக்கு ஏழாவது வரி மீதி இருந்தது. சென்னியப்பன் என்னைப் பார்த்தார், எடுத்துக்கொடு என்று கண்ணைக் காட்டினார். நான் எடுத்துக் கொடுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. தலையைக் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

துளசியக்கா பாட்டை விட்டு இறங்கினார். மெட்டு இல்லாமல், வரிசை இல்லாமல், பிசிறு வெட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாக வெட்டி வைத்தார்.

"மேடம். ஹோம், நோ. ஹியர்." குட்டை விரலை நீட்டி அந்த மிஷினைக் காட்டினார். "திஸ் மிஷின். கார்டு, நோ. எஸ்டர்டே மை ஃபிங்கர்." மூச்சு வாங்கினார். "டுமாரோ... ஜமுனா ஃபிங்கர்."

மிஷின், கார்டு, எல்லாம் அவர் இருபது வருஷமாக வாயில் வைத்திருந்த வார்த்தைகள். நோ சொல்ல அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஹோம், ஹியர், ஃபிங்கர் அந்த ஏழு வரியிலேயே இருந்தவை. எஸ்டர்டேயும் டுமாரோவும் நான் பழைய பாடத்தில் கொடுத்தவை. அந்தக் கஷ்டமான வாக்கியம் அவர் நாக்கில் நின்றது. அவர் கையிலிருந்த சட்டை, வந்த வழியே நிறம் திரும்பிப் போய், கழுத்து, சட்டைக்கை, ஓரம், கடைசியாக விரல் பட்ட இடம் என்று வெளுத்து, தைத்த அன்று இருந்ததைவிட வெள்ளையானது.

நிறம் எங்கே போயிற்று என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு வார்த்தை பேசாமல், எந்த மொழியிலும் வாயைத் திறக்காமல் நின்றிருந்த என்னுடைய சட்டை, காலரிலிருந்து தொடங்கி, நெஞ்சு, பை, அடையாள அட்டையின் அடி, இடுப்பு என்று இறங்கிக்கொண்டே போனது. பேசாமல் இருந்ததற்கே ஒருவன் சிவந்ததை அந்த ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

அந்தம்மாவும் பார்த்தார். என்னிடம் வந்தார். இது உண்மையா என்று கேட்டார்.

"யெஸ்," என்றேன்.

அவர் காதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார். கேட்கவில்லை போலிருந்தது.

"யெஸ் மேடம்."

இன்னும் கேட்கவில்லை. அப்போது எனக்குப் பின்னாலிருந்து, மூன்று மாசமாகத் தினமும் மத்தியானம் நான் அந்தப் பெண்களிடம் சொன்ன அதே வார்த்தையை, கட்டைக்குரல் சரசு எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

"சத்தமாங் சார் தம்பி! வாயத் தொறந்து சத்தமாச் சொல்லுங்!"

சொன்னேன். மிஷின்கள் நின்றிருந்தன, அதனால் அது கட்டடம் முழுக்கக் கேட்டது. அந்தம்மா திரும்பிப்போய், துளசியக்காவின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதோ ஒரு வார்த்தை சொன்னார், பிறகு, கம்பி பொருத்துகிறவரை நான் இங்கேதான் இருப்பேன் என்று நாற்காலி ஒன்றை இழுத்து அந்த மிஷினுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்துகொண்டார். அலமாரிச் சாவி கிடைக்க ஒரு மணி நேரம் ஆனது. பொருத்துவதற்கு ஐந்து நிமிஷம்தான்.

மறுநாள் காலை வாசலிலேயே என் கழுத்து அட்டையை வாங்கிக்கொண்டார்கள். வேலையை நானாகவே விட்டுவிட்டேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தச் சட்டையைச் சோடாவில் ஊறப்போட்டேன், எலுமிச்சை தேய்த்தேன், வெயிலில் காயப்போட்டேன், போகவில்லை. பிறகு வீட்டுக்குள் இருக்கும்போது அதையே போட்டுக்கொள்ளத் தொடங்கினேன்.

ஆடி பிறந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை துளசியக்கா என் வீட்டுக்கு வந்தார். கம்பெனி லீவு. குளித்து, தலை துவட்டிய வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டபடியே பஸ் ஏறி வந்திருந்தார். நான் அந்தச் சட்டையில் இருந்தேன். மாற்றிக்கொள்ள உள்ளே போகப் பார்த்தேன். "இருக்கட்டுமுங், உக்காருங்," என்றார்.

"ஜமுனா?" என்றேன்.

"பத்தும் இருக்குதுங்," என்றார், விரலைத்தான் சொன்னார். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார்.

"அந்தம்மா அன்னைக்கி என் கையப் புடிச்சுட்டு ஸாரின்னாங்க. எனக்குத் திருப்பி என்ன சொல்றதுன்னு தெரியில. பல்லக் காட்டிக்கிட்டு நின்னுட்டேன். அதே மனசுல கெடக்குது. ஸாரின்னா திருப்பி என்னங் சொல்லோணும்?"

ஸாரி மேடம், ஸாரி சார், வெரி ஸாரி, ஸாரி ஃபார் லேட் என்று அவர்கள் மற்றவர்களிடம் சொல்வதற்கு எத்தனை ஸாரி சொல்லிக்கொடுத்திருந்தேன். அவர்களிடம் ஒருவர் ஸாரி சொல்வார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"இட் இஸ் ஓகே," என்றேன். "அப்படித்தான் சொல்லுவாங்க."

"அப்படின்னா?"

"பரவால்லீங்க, போகட்டும்னு அர்த்தம்."

அவர் குட்டை விரலை மற்ற விரல்களால் மெதுவாகத் தடவிக்கொண்டார்.

"போகட்டும்னு இல்லாட்டி?"

நான் குனிந்து சட்டைப் பொத்தானைத் திருகினேன்.

"ஏனுங் சார் தம்பி," என்றார், குரலில் கோபம் இல்லை, வகுப்பில் கேட்கிற அதே குரல்தான், "அதுவும் கஷ்டமான வாக்கியமுங்ளா?"

"இல்லீங்கக்கா," என்றேன். "ஒரே ஒரு வார்த்தைதான் கூட. இட் இஸ் நாட் ஓகே."

"இட் இஸ் நாட் ஓகே," என்று அவர் விரல்விட்டு எண்ணினார். நாலு வார்த்தைக்கும் நாலு விரல், குட்டை விரலும் அதில் ஒன்று. "எங்கெ, நீங்க ஸாரி சொல்லுங். நா திருப்பிச் சொல்லிப் பழகறேன்."

நான் எழுந்து நின்றேன். சொல்ல வேண்டியதை மூன்று மாசம் கழித்து, பாடம் என்கிற சாக்கில், அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

"ஸாரிங்கக்கா."

துளசியக்கா தலையைக் குனியவில்லை, வாயைப் பொத்தவில்லை, சிரிக்கவில்லை.

"இட் இஸ் நாட் ஓகே, சார் தம்பி," என்றார், நல்ல சத்தமாக.

அவர் தோளில் கிடந்த துண்டு வெள்ளையாகவே இருந்தது.